எக்செப்ஷன் கொடுக்க முதல் ஒருக்கால் வாசியுங்கள்

கணினி: கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் மெயில் சான்றிதழ் பற்றியவைதான் அதிகம். உங்கள் கடிதங்களை வைத்திருக்கும் சேவர் என்ற கணினி, தான் இன்னார் என்று காட்டும் அடையாள அட்டைதான் அந்தச் சான்றிதழ். அதில் பிசகு கண்டும் பரவாயில்லை என்று நாம் கொடுக்கும் அனுமதிதான் எக்செப்ஷன். மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன். உங்கள் கேள்விக்குரிய பதிலோடு நிற்பாட்டாமல் மற்றவர்களுடையதையும் வாசியுங்கள். திரையில் வருகிற எச்சரிக்கைப் பெட்டி ஒன்றுதான், ஆனால் அது வருகிற காரணம் ஆளுக்கு ஆள் வேறு.

கேள்வி: தங்கச்சி, நாங்கள் உப்புவெளியில் சின்னதாக ஒரு விடுதி நடத்துகிறோம். சொந்தப் பெயரில் டொட் எல்கே முகவரி வாங்கி, மெயிலும் அதிலேயே வைத்திருக்கிறோம். ரிசெப்ஷன் கொம்பியூட்டரில் மெயில் பார்க்கத் தண்டர்பேர்ட் என்ற நிரல் இருக்கிறது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ‘ஆட் செக்கியூரிற்றி எக்செப்ஷன்’ என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். மகன் சொன்னபடி ‘கன்ஃபேர்ம்’ அழுத்தினால் மெயில் வந்துவிடும். கொஞ்ச நாளில் திரும்பவும் அதே பெட்டி. ‘நிரந்தரமாக வைத்திரு’ என்ற கட்டத்தில் சரி போட்டும் பலனில்லை. இதை ஒரேயடியாக நிற்பாட்ட வழி உண்டா? — விடுதி உரிமையாளர், உப்புவெளி

பதில்: வழி இருக்கிறது அக்கா. முதலில் ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை பெட்டி வரும்போது ‘கன்ஃபேர்ம்’ பக்கம் போகாமல், அதில் எழுதியிருப்பதை வடிவாக வாசியுங்கள். மூன்று விதமான வரிகளில் ஒன்றோ இரண்டோ அங்கே இருக்கும். ‘ரோங் சைற்’ என்றிருந்தால் சான்றிதழில் உள்ள பெயரும் நீங்கள் தேடிப்போன சேவரின் பெயரும் வேறு. ‘அவுட்டேற்றட் இன்ஃபொர்மேஷன்’ என்றிருந்தால் திகதி பிசகு. ‘அன்னோன் ஐடென்ரிற்றி’ என்றிருந்தால் சான்றிதழைக் கொடுத்தவர் யாரென்று தண்டர்பேர்ட்டுக்குத் தெரியவில்லை. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

உங்கள் கடிதத்தில் உள்ள ‘இரண்டு மூன்று மாதம்’ என்ற கணக்கைப் பார்த்தால் உங்களுடையது முதலாவது வகை என்றே படுகிறது. உப்புவெளி, நிலாவெளி விடுதிகளில் நான் அடிக்கடி காண்பதும் இதுதான். உங்கள் மெயில் இருப்பது, அதற்கு இடம் வாடகைக்குத் தரும் ஹோஸ்ரிங் கொம்பனியின் ஒரு பெரிய சேவரில். அதே சேவரில் இன்னும் நூற்றுக்கணக்கான கடைகள், விடுதிகள், பள்ளிக்கூடங்களின் மெயிலும் இருக்கும். தண்டர்பேர்ட்டில் நீங்கள் கொடுத்திருப்பது ‘மெயில்’ என்று தொடங்கி உங்கள் விடுதிப் பெயரில் முடியும் முகவரி. அங்கே போய்க் கதவைத் தட்டினால் சேவர் நீட்டுவது கொம்பனியின் பெயரிலுள்ள சான்றிதழை. அது போலியல்ல. ஆளிடம் இருப்பது அசல் அடையாள அட்டைதான், ஆனால் அதில் தமையனின் பெயர் இருக்கிறது. வாசலில் நிற்பவர் விடமாட்டேன் என்று சொல்வது நியாயம்தானே.

நிரந்தரமாக வைக்கச் சொல்லியும் ஏன் திரும்ப வருகிறது? நீங்கள் கொடுத்த அனுமதி அந்தச் சேவருக்கல்ல, அன்றைக்கு அது காட்டிய அந்த ஒரு சான்றிதழுக்கு மட்டும். தண்டர்பேர்ட் அதன் கைரேகையை, அதாவது அந்தச் சான்றிதழுக்கே உரிய ஒரு நீண்ட எண்ணை, குறித்து வைத்துக்கொள்ளும். லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற இலவச நிறுவனங்கள் தரும் சான்றிதழ்களின் ஆயுள் வழமையாக 90 நாள். கொம்பனியின் சேவர் அதற்கும் முன்னதாகவே தானாகப் புதியதை எடுத்துவிடும். புதியதன் கைரேகை வேறு, ஆகவே பெட்டி திரும்ப வரும். இனி இது இன்னும் கெதியாய் வரும். சான்றிதழ் நிறுவனங்களும் பிரௌசர் தயாரிப்பாளர்களும் கூடிய அமைப்பு 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி, பொதுச் சான்றிதழ்களின் உச்ச ஆயுள் 2026 மார்ச் 15 தொடக்கம் 200 நாள், 2027 மார்ச்சில் 100 நாள், 2029 மார்ச்சில் 47 நாள். கன்ஃபேர்ம் அழுத்தியே சமாளிக்கிறவர்களுக்கு வருகிற வருடங்கள் பெரிய கரைச்சலாகத்தான் இருக்கும்.

இப்போது செய்ய வேண்டியது. பெட்டியில் ‘வியூ’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் சான்றிதழ் விரியும். ‘சப்ஜெக்ட் ஆல்ற் நேம்ஸ்’ என்ற பகுதிக்கு இறங்கிப் பாருங்கள். இந்தச் சான்றிதழ் எந்தெந்தப் பெயர்களுக்குச் செல்லும் என்ற பட்டியல் அங்கே இருக்கும். உங்கள் ஹோஸ்ரிங் கொம்பனியின் பெயர் அதில் தெரிந்தால், அவர்களுக்குத் தொலைபேசி எடுத்து, “எங்கள் மெயிலுக்கான சேவரின் சரியான பெயர் என்ன?” என்று கேளுங்கள். பட்டியலில் பார்த்ததும் அவர்கள் சொன்னதும் ஒன்றாக இருக்க வேண்டும். பட்டியலை மட்டும் நம்பி மாற்ற வேண்டாம். நடுவில் யாராவது புகுந்திருந்தால் அந்தப் பட்டியலும் அவர் எழுதியதாகத்தான் இருக்கும்.

பெயர் உறுதியானதும் ‘அக்கவுண்ட் செற்றிங்ஸ்’ போய், ‘சேவர் செற்றிங்ஸ்’ பக்கத்தில் பழைய பெயரை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள். அனேகமானோர் அத்தோடு எழும்பிவிடுவார்கள். இடதுபக்கப் பட்டியலின் அடியில் ‘அவுட்கோயிங் சேவர்’ என்று தனியாக ஒன்று இருக்கிறது, மெயில் அனுப்புவது அதன் வழியாக. அங்கேயும் மாற்றாவிட்டால் கடிதம் வரும், ஆனால் பதில் அனுப்பும்போது பெட்டி திரும்ப எழும்பும். தண்டர்பேர்ட்டை மூடித் திறக்கச் சொல்லும், பாஸ்வேர்ட் புதிதாகக் கேட்கும், பயப்பட வேண்டாம். கடிதங்கள் சேவரிலேயே இருக்கும் ஐமேப் முறையில் வைத்திருந்தால் கடிதங்களுக்கு ஒன்றும் ஆகாது. கடிதங்களைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பொப் முறை என்றால் சேவரில் மிஞ்சியிருக்கும் பழையவை இன்னொருமுறை இறங்கக்கூடும், ஆகவே சீசன் நேரத்தில் தொடாமல் மாரிக்குள் செய்துவிடுங்கள்.

இரண்டாவது வழியும் உண்டு. உங்கள் ‘மெயில்’ முகவரிக்கும் சேர்த்துச் சான்றிதழ் எடுத்துத் தரும்படி கொம்பனியைக் கேட்கலாம். ஹோஸ்ரிங் கணக்கை நிர்வகிக்கச் சீபனல் என்ற பலகை வைத்திருப்பவர்களுக்கு ‘ஓட்டோ எஸ்எஸ்எல்’ என்ற வசதி அதைத் தானாகவே செய்யும். அந்தப் பெயர் அவர்களுடைய சேவரைக் காட்டிக்கொண்டிருந்தால் சரி. எனக்கு இந்த வழிதான் பிடிக்கும், ஏனென்றால் கொம்பனி நாளைக்குச் சேவரை மாற்றினாலும் உங்கள் பக்கம் எதையும் தொடத் தேவையில்லை.

எல்லாம் முடிந்தபிறகு பழைய அனுமதிகளைக் கட்டாயம் அழியுங்கள். ‘செற்றிங்ஸ்’, அதில் ‘பிரைவசி அன்ட் செக்கியூரிற்றி’, அடிமட்டும் இறங்கினால் ‘மனேஜ் சேர்ட்டிபிகேட்ஸ்’. திறக்கும் சாளரத்தில் ‘சேவர்ஸ்’ என்ற பக்கம். மகன் காலாகாலமாக அழுத்தியதெல்லாம் அங்கே வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றாகத் தெரிவு செய்து ‘டிலீற்’ கொடுங்கள்.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றால், ஒவ்வொரு முறையும் அழுத்திப் பழகிய விரல், அழுத்தக் கூடாத நாளிலும் அழுத்திவிடும் என்ற கவலைதான். உங்கள் ரிசெப்ஷன் மடிக்கணினியை யாராவது வெளியே கொண்டுபோய், முன்பின் தெரியாத ஒரு வைஃபையில் தொடுத்தால், அங்கே நடுவில் நிற்பவர் தன்னுடைய சான்றிதழ் ஒன்றை நீட்டலாம். அப்போதும் வருவது இதே பெட்டிதான், இதே பொத்தான்தான். அழுத்தினால் உங்கள் மெயில் பாஸ்வேர்ட் நேரே அவர் கைக்குப் போய்விடும். பிறகு அவர் உடனே எதையும் உடைக்க மாட்டார். பேசாமல் உங்கள் கடிதங்களை வாசித்துக்கொண்டிருப்பார். ஜெர்மனியிலிருந்து ஒரு குடும்பம் ஓகஸ்டில் பத்து நாள் தங்க வருகிறது, முற்பணம் அனுப்பக் கணக்கு இலக்கம் கேட்கிறது என்று கண்டால், உங்களுக்கு முன் உங்கள் பெயரிலேயே பதில் போடுவார், தன் கணக்கு இலக்கத்தோடு. வந்திறங்கும் விருந்தினரிடம் நீங்கள் என்ன சொல்வீர்கள்? விடுதித் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் இதை யோசிக்க வேண்டும்.

வைஃபையில் பாஸ்வேர்ட் கேட்டு ஒரு வரவேற்புப் பக்கம் வருகிற இடங்களில், அந்தப் பக்கத்தைக் கடக்கும் வரை தண்டர்பேர்ட்டைத் திறக்க வேண்டாம். சில ரவுட்டர்கள் மெயில் தொடர்பையும் மறித்துத் தங்கள் சான்றிதழைக் காட்டும், பெட்டி எழும்பும். ‘கான்சல்’ கொடுத்துவிட்டு பிரௌசரில் உள்நுழைந்து முடித்தபிறகு திறந்தால் அநேகமாக ஒன்றும் வராது.

கேள்வி: பிள்ளை, நான் ஓய்வுபெற்ற தபாலதிபர். என் மேசைக் கணினிக்கு வயதாகிவிட்டது. மின்வெட்டுக்குப் பிறகு போட்டால் எல்லா மெயில் கணக்கும் ஒரேயடியாகச் சான்றிதழ் பிழை என்கிறது. வங்கியின் இணையத்தளமும் அப்படியே. வைரஸ் புகுந்துவிட்டதா? — வாசகர், உவர்மலை

பதில்: ஐயா, திரையின் வலது மூலையில் திகதியைப் பாருங்கள். பல வருடத்துக்கு முந்திய ஒரு ஜனவரி முதலாம் திகதி தெரிந்தால் வைரஸ் இல்லை, மதர்போர்ட்டில் உள்ள நாணயம் போன்ற பற்றரி தீர்ந்துவிட்டது. மின்சாரம் நின்றால் நேரத்தைக் காப்பது அதுதான். ஒவ்வொரு சான்றிதழிலும் ‘இன்ன திகதிக்கு முன் செல்லாது, இன்ன திகதிக்குப் பின் செல்லாது’ என்று இருக்கிறது. உங்கள் கணினி பழைய காலத்தில் நின்றுகொண்டு பார்த்தால் உலகத்தில் உள்ள எல்லாச் சான்றிதழும் இன்னும் தொடங்காதவையே.

சிஆர் 2032 என்று கேட்டால் கடைகளில் தருவார்கள், 3 வோல்ற். மின்சாரத்தைக் கழற்றிவிட்டு மாற்றச் சொல்லுங்கள். நம்முடைய உப்புக் காற்றில் பற்றரி இருக்கும் குழியின் தகடு பச்சை பிடித்திருக்கும், அதையும் துடைக்கச் சொல்லுங்கள். பிறகு விண்டோஸில் நேர வலயம் ‘ஸ்ரீ ஜயவர்தனபுர, கூட்டல் 5.30’ என்று இருக்கிறதா பார்த்து ‘சிங்க் நௌ’ அழுத்தினால் முடிந்தது. இந்த நிலையில் ஒரு எக்செப்ஷனும் கொடுக்க வேண்டாம். கொடுத்திருந்தால் மேலே உப்புவெளி அக்காவுக்குச் சொன்ன இடத்தில் அழித்துவிடுங்கள்.

கேள்வி: அக்கா, கோணேசபுரி வளாகத்தில் படிக்கிறேன். என் மடிக்கணினியில் அவுட்லுக்கும் தண்டர்பேர்ட்டும் இருக்கின்றன, ஒரே மெயில் கணக்கு. அவுட்லுக் சத்தமில்லாமல் வேலை செய்கிறது. தண்டர்பேர்ட் மட்டும் ‘அன்னோன் ஐடென்ரிற்றி’ என்கிறது. எதை நம்புவது? — மாணவன், கிண்ணியா

பதில்: தம்பி, ‘வியூ’ அழுத்தி ‘இஷ்யூவர் நேம்’ என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே உங்கள் அன்ரிவைரஸின் பெயர் இருக்கும் என்று நினைக்கிறேன். மெயிலையும் சோதிக்கும் அன்ரிவைரஸ்கள், சேவருக்கும் உங்கள் நிரலுக்கும் நடுவில் உட்கார்ந்து, பூட்டைத் திறந்து கடிதத்தைப் பார்த்து, தங்களுடைய சான்றிதழால் திரும்பப் பூட்டி உள்ளே அனுப்பும். அதற்காகத் தங்கள் மூலச் சான்றிதழை (மற்றச் சான்றிதழ்களை உறுதிப்படுத்தும் தலைமைச் சான்றிதழை) விண்டோஸ் நம்புகிறவர்களின் பட்டியலில் பதித்திருக்கும். அவுட்லுக் பார்ப்பது விண்டோஸின் பட்டியலை, ஆகவே அதற்குச் சந்தேகமே வராது. தண்டர்பேர்ட் தன்னோடு சொந்தமாக ஒரு பட்டியலைக் கொண்டுவருகிறது. அதில் அன்ரிவைரஸின் பெயர் இல்லாதபோது தெரியாத ஆள் என்று நிறுத்திவிடும்.

இங்கே சரியாக நடந்துகொண்டது தண்டர்பேர்ட் என்பேன். அன்ரிவைரஸின் செற்றிங்ஸில் மெயில் சோதனைப் பகுதியைத் தேடி, பூட்டிய தொடர்புகளைச் சோதிப்பதை மட்டும் நிறுத்திவிடுங்கள். கடிதத்தோடு வரும் இணைப்புக் கோப்பைச் சேமிக்கும்போதும் திறக்கும்போதும் அன்ரிவைரஸ் எப்படியும் பார்க்கும். அதன் மூலச் சான்றிதழைத் தண்டர்பேர்ட்டில் ஏற்றியும் சரிசெய்யலாம், செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. அதை ஏற்றியபின் உண்மையான மெயில் சேவரின் சான்றிதழ் எப்படி இருக்கிறது என்று நீங்கள் பார்க்கவே முடியாது, அந்தப் பொறுப்பு முழுவதும் அன்ரிவைரஸிடம் போய்விடும்.

அந்த இடத்தில் அன்ரிவைரஸ் பெயர் இல்லாமல் நீங்கள் கேள்விப்படாத ஏதாவது பெயர் இருந்தால் கதை வேறு. அந்த வைஃபையில் மெயிலைத் திறக்காமல், கைத்தொலைபேசியின் டேற்றாவில் தொடுத்துப் பாருங்கள். அதில் பெட்டி வராவிட்டால் பிசகு நீங்கள் பாவித்த வைஃபையில். மெயில் பாஸ்வேர்ட்டை உடனே மாற்றுங்கள்.

கேள்வி: தண்டர்பேர்ட்டின் ‘மனேஜ் சேர்ட்டிபிகேட்ஸ்’ சாளரத்தில் ‘ஓதோரிற்றீஸ்’ என்ற பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கேள்விப்படாத வெளிநாட்டுப் பெயர்கள் நீளமாக இருக்கின்றன. இவர்களையெல்லாம் நான் ஏன் நம்ப வேண்டும்? தெரியாதவர்களை அழித்துவிடலாமா? — ஓய்வுபெற்ற ஆசிரியை, மூதூர்

பதில்: ரீச்சர், நீங்கள் கேட்டது இந்த முழு ஏற்பாட்டின் அடித்தளத்தையே தொடும் கேள்வி. அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் சான்றிதழ் கொடுக்கும் நிறுவனங்கள். அவர்களில் எவர் கையெழுத்து வைத்தாலும் தண்டர்பேர்ட் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும். பட்டியலில் யார் இருக்கலாம் என்று தீர்மானிப்பது, பயர்ஃபொக்ஸ் பிரௌசரைத் தயாரிக்கும் மொசில்லா. கணக்காய்வு அறிக்கைகள் கேட்டு, ஒவ்வொரு விண்ணப்பத்தையும் பகிரங்கமாக விவாதித்துத்தான் சேர்க்கிறார்கள்.

அப்படியிருந்தும் பிழைத்ததுண்டு. 2011இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் என்ற நிறுவனத்துக்குள் ஊடுருவியவர்கள் அதன் பெயரில் 500க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை எடுத்துவிட்டார்கள். கூகுளின் முகவரிகள் அத்தனைக்கும் செல்லக்கூடிய ஒன்றும் அதில் இருந்தது. அதை வைத்து ஈரானில் ஜிமெயில் பாவித்தவர்களின் தொடர்பு நடுவழியில் திறக்கப்பட்டது. அங்கிருந்த ஒரு பாவனையாளர் தன் பிரௌசர் காட்டிய எச்சரிக்கையைத் தட்டிவிடாமல் வெளியே எழுதிக் கேட்டதால்தான் ஓகஸ்ட் கடைசியில் விஷயம் உலகத்துக்குத் தெரியவந்தது. மொசில்லா, கூகுள், மைக்ரோசொஃப்ட் எல்லோரும் டிஜிநோட்டாரைப் பட்டியலிலிருந்து தூக்கினார்கள். செப்டெம்பரில் நிறுவனம் வங்குரோத்தானது. நெதர்லாந்து அரசாங்கத்தின் இணையச் சேவைகள் பலவும் அதே நிறுவனத்தின் சான்றிதழில் ஓடிக்கொண்டிருந்தபடியால் அவர்களும் அந்தரப்பட்டு மாற்ற வேண்டி வந்தது. ஒரு சாதாரண ஆளின் எச்சரிக்கைப் பெட்டி எவ்வளவு பெரிய காரியத்தைச் செய்திருக்கிறது பாருங்கள்.

நீங்கள் கையால் அழிப்பதை நான் சொல்லமாட்டேன். பெயர் தெரியாதது என்று அழித்த நிறுவனம்தான் உங்கள் மெயில் சேவருக்குச் சான்றிதழ் கொடுத்ததாக இருக்கலாம். நாளைக்குக் கடிதங்கள் வராது, காரணமும் பிடிபடாது. உங்கள் வேலை தண்டர்பேர்ட்டைப் புதுப்பித்து வைத்திருப்பது. நம்பிக்கை இழந்த நிறுவனங்களை நீக்குவதும் புதியவற்றைச் சேர்ப்பதும் புதுப்பிப்புகளோடுதான் வரும். விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்குத் தண்டர்பேர்ட் 115ஆம் பதிப்புக்கு மேல் ஏறாது என்பதால், அந்தக் கணினிகளை மெயிலுக்கு வைத்திருப்பது இனி நல்லதல்ல. பட்டியல் பழையதாகிப்போனால் என்ன நடக்கும் என்பதை 2021 செப்டெம்பர் 30இல் உலகம் பார்த்தது. லெட்ஸ் என்கிரிப்ட் சாய்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் ஒன்று அன்றைக்குக் காலாவதியானது. புதுப்பிக்காத பழைய தொலைபேசிகளும் கணினிகளும் நல்ல தளங்களைக்கூட நம்ப மறுத்தன.

கேள்வி: எங்கள் பழைய மாணவர் சங்கத்துக்கு நானே ஒரு மெயில் சேவர் நடத்துகிறேன், கடிதம் அனுப்பப் போஸ்ற்ஃபிக்ஸும் எடுக்க டோவ்கொற்றும். செர்ட்பொட் என்ற நிரல் தானாகச் சான்றிதழைப் புதுப்பிக்கிறது, இணையத்தளத்தில் புதிய திகதி தெரிகிறது. ஆனால் தண்டர்பேர்ட் பாவிக்கும் அங்கத்தவர்கள் காலாவதி என்று முறையிடுகிறார்கள். — வாசகர், லிங்கநகர்

பதில்: கோப்பு புதியது, டோவ்கொற்றின் நினைவில் இருப்பது பழையது. அது தொடங்கும்போது வாசித்த சான்றிதழைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். ஒருமுறை ‘ரீலோட்’ கொடுங்கள், சரியாகிவிடும். செர்ட்பொட்டில் ‘டிப்ளோய் ஹூக்’ என்று ஒரு வசதி உண்டு. புதுப்பிப்பு வெற்றியானதும் இரண்டு சேவைகளையும் ரீலோட் செய்யும் கட்டளையை அதில் எழுதிவிட்டால் திரும்ப இந்த முறைப்பாடு வராது.

கையோடு இன்னொன்றையும் பாருங்கள். டோவ்கொற்றுக்குக் கொடுத்திருப்பது ‘ஃபுல்செயின்’ என்ற கோப்பா, வெறும் ‘சேர்ட்’ என்ற கோப்பா? இரண்டாவதென்றால், உங்கள் சான்றிதழை மூலச் சான்றிதழோடு இணைக்கும் இடைநிலைச் சான்றிதழ் போகாது. பிரௌசரில் சோதிக்கும்போது பிரச்சினை தெரியாமல் போகலாம், ஏனென்றால் அது வேறிடத்தில் கண்ட இடைநிலைச் சான்றிதழை வைத்துச் சமாளித்துவிடும். தண்டர்பேர்ட் ‘அன்னோன் ஐடென்ரிற்றி’ என்று நிற்கும். காலாவதியாகப் போகிறது என்று முன்பு லெட்ஸ் என்கிரிப்ட் மெயில் அனுப்பும். 2025 ஜூனோடு அதை நிறுத்திவிட்டார்கள், ஆகவே நாட்கணக்கை நீங்களே கண்காணிக்க வேண்டும்.

கேள்வி: மெயில் செற்றிங்ஸில் ‘போர்ட்’ என்ற இடத்தில் போட 993, 143, 465, 587 என்று ஆளுக்கு ஒரு எண் சொல்கிறார்கள். எது சரி? — வாசகி, நிலாவெளி

பதில்: கடிதம் எடுக்க 993, அனுப்ப 465, இரண்டிலும் ‘எஸ்எஸ்எல்/ரிஎல்எஸ்’ என்ற பூட்டு முறை. தொடர்பு தொடங்கும்போதே பூட்டிக்கொண்டு தொடங்குவது இவைதான். 2018இல் வெளியான இணையத் தரநிலை ஆவணமும் இதையே பரிந்துரைக்கிறது. 143, 587 இரண்டிலும் முதலில் திறந்தபடி கதைத்து, பிறகு ‘ஸ்ரார்ட் ரிஎல்எஸ்’ சொல்லிப் பூட்டுவார்கள். உங்கள் கொம்பனி அதை மட்டும்தான் தருகிறது என்றால் பாவியுங்கள். ‘நன்’, அதாவது பூட்டே வேண்டாம் என்ற தெரிவை மட்டும் ஒருநாளும் வைக்க வேண்டாம். அதில் சான்றிதழ்ப் பெட்டியே வராது, கரைச்சல் தீர்ந்தது என்று நினைப்பீர்கள். உண்மையில் பாஸ்வேர்ட்டும் கடிதமும் திறந்தபடி போய்க்கொண்டிருக்கும்.

கேள்வி: அக்கா, நான் கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞர். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று இனிமேல் டிஜிற்றல் கையொப்பமிட்ட மெயில்தான் ஏற்போம் என்கிறது. பி12 என்று முடியும் ஒரு கோப்பையும் பாஸ்வேர்ட்டையும் ஒரே மெயிலில் அனுப்பியிருக்கிறார்கள். எங்கே போடுவது? பழைய சான்றிதழ் ஒன்றும் இருக்கிறது, காலாவதியாகிவிட்டது. அதை அழிக்கட்டுமா? — வாசகி, திருகோணமலை நகர்

பதில்: தங்கச்சி, இதுவரை கதைத்தது சேவரின் சான்றிதழ். உங்களிடம் வந்திருப்பது உங்களுடையது, கடிதத்தில் கையொப்பமிடவும் கடிதத்தைப் பூட்டவும் உதவும் எஸ்/மைம் என்ற முறைக்கானது. அந்த பி12 கோப்புக்குள் சான்றிதழோடு உங்கள் அந்தரங்கத் திறவியும் இருக்கிறது. அந்தத் திறவி யாரிடம் இருக்கிறதோ அவர் உங்கள் பெயரில் கையொப்பமிடலாம். கோப்பையும் பாஸ்வேர்ட்டையும் ஒரே மெயிலில் அனுப்பியிருக்கக் கூடாது. கேட்கக் கூச்சப்படாமல், இதை ரத்துச்செய்து புதியதைத் தாருங்கள், பாஸ்வேர்ட்டைத் தொலைபேசியில் சொல்லுங்கள் என்று எழுதுங்கள். கையொப்பத்துக்கு மதிப்புக் கொடுக்கும் நிறுவனம் இந்த வேண்டுகோளை மறுக்காது.

புதியது வந்ததும் தண்டர்பேர்ட்டில் ‘மனேஜ் சேர்ட்டிபிகேட்ஸ்’ திறந்து ‘யுவர் சேர்ட்டிபிகேட்ஸ்’ பக்கத்தில் ‘இம்போர்ட்’ கொடுங்கள். அத்தோடு வேலை முடிவதில்லை. ‘அக்கவுண்ட் செற்றிங்ஸ்’ போய் உங்கள் கணக்கின் கீழ் ‘எண்ட் ரு எண்ட் என்கிரிப்ஷன்’ திறந்து, எஸ்/மைம் பகுதியில் கையொப்பத்துக்கு ஒன்று, பூட்டுவதற்கு ஒன்று என்று இரண்டு இடத்திலும் சான்றிதழைத் தெரிவு செய்ய வேண்டும். தெரிவுப் பட்டியல் வெறுமையாக இருந்தால், சான்றிதழில் உள்ள மெயில் முகவரியும் கணக்கின் முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள். அலுவலகப் பொது முகவரிக்குச் சான்றிதழ் எடுத்துவிட்டு ஆளின் தனி முகவரியிலிருந்து அனுப்பப் பார்ப்பவர்கள் உண்டு, அது சரிவராது.

உங்கள் மேலதிகாரி அவுட்லுக் பாவிக்கிறார் என்றால் அவருக்கு வழி வேறு. ‘ஃபைல்’, ‘ஒப்ஷன்ஸ்’, ‘ட்ரஸ்ற் சென்ரர்’, அங்கே ‘ஈமெயில் செக்கியூரிற்றி’. ‘இம்போர்ட்’ அங்கேதான் இருக்கிறது. சான்றிதழ் போய்ச் சேர்வது விண்டோஸின் பெட்டகத்துக்கு.

கையொப்பம் இட உங்கள் சான்றிதழ் போதும். கடிதத்தைப் பூட்டி அனுப்புவதானால் பெறுகிறவரின் சான்றிதழ் உங்களிடம் வேண்டும். முதலில் இரு பக்கமும் கையொப்பமிட்ட கடிதம் ஒன்றைப் பரிமாறினால் போதும், அதனோடு சான்றிதழும் வந்துவிடும். பூட்டிய கடிதத்திலும் தலைப்பு வரி திறந்தபடிதான் போகும். கப்பலின் பெயரையோ தொகையையோ தலைப்பில் எழுத வேண்டாம்.

சட்டம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அலுவலகத்தில் யாராவது கேட்பார்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் இலங்கையில் இலத்திரனியல் கையொப்பத்தை ஏற்கிறது. இறுதி விருப்ப ஆவணம், காணி விற்பனை போன்றவை அதற்குள் அடங்காது.

பழைய சான்றிதழை அழிக்க வேண்டாம். காலாவதி என்பது புதிதாகக் கையொப்பமிடுவதற்குத்தான். அந்தச் சான்றிதழுக்கென்று பூட்டப்பட்டு வந்த பழைய கடிதங்களைத் திறக்கும் திறவி அதனோடுதான் இருக்கிறது, அழித்தால் அந்தக் கடிதங்களை ஒருவராலும் வாசிக்க முடியாது. ‘யுவர் சேர்ட்டிபிகேட்ஸ்’ பக்கத்தில் பழையதையும் புதியதையும் தெரிவு செய்து ‘பக்கப்’ கொடுங்கள், ஒரு பாஸ்வேர்ட் கேட்கும், நீளமாக ஒன்று வையுங்கள். வரும் கோப்பை ஒரு பென் டிரைவில் போட்டு அலுவலக இரும்புப் பெட்டியில் வைத்துவிட்டு, கணினியின் டவுன்லோட்ஸில் கிடக்கும் பிரதியை அழியுங்கள். பாஸ்வேர்ட்டை அதே பென் டிரைவில் எழுதி ஒட்டக் கூடாது. புதிய கணினி வாங்கும் நாளில் முதலில் ஏற்ற வேண்டியது பழைய சான்றிதழைத்தான், புதியதை அதற்குப் பிறகு.